திரும்பும்போது மட்டும் துள்ளிய வண்டி

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, சின்னமனூர் மார்க்கெட் முன்னால் ஒரு யு-டர்ன் எடுத்தேன். வண்டி துள்ளியது.

துள்ளியது என்றால் வேகத்தடையில் ஏறி இறங்குகிற துள்ளல் இல்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்ததும் முன்சக்கரம் இரண்டும் 'தட்... தட்... தட்...' என்று தரையை உதைத்தன. கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வர மறுக்கிற கிடாயைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அதே பிடிவாதம். ஸ்டீயரிங் என் கையை உதறியது. டேஷ்போர்டில் வைத்திருந்த மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. பின்னால் அடுக்கியிருந்த கொய்யாக் கன்றுகள் மொத்தமாகத் தலையாட்டின.

ரோட்டோரம் மல்லிக்கட்டு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூடையை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

"ஏ ஆத்தா... வண்டிக்குக் குளிர்காச்சலா?"

எனக்கே தெரியவில்லை, நான் என்ன பதில் சொல்ல! ஸ்டீயரிங்கை நேராக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. ஊரைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தேன். ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டு, எங்கள் தெருவுக்குள் நுழைய வண்டியை ஒடித்தேன்... தட்... தட்... தட்...

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள்தான் நான் எழுத்தாளர். மிச்ச ஆறு நாளும் நாற்றுப் பண்ணைக்காரி. மிளகு, கொய்யா, திராட்சை என்று கன்றுகளை ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்கிலும் மலையிலும் சுற்றுவது என் பிழைப்பு. அதற்குத்தான் இந்த பிக்கப். ஃபோர் வீல் டிரைவ் உள்ள வண்டி. சாதாரணமாகப் பின்சக்கரம் இரண்டு மட்டும் வண்டியைத் தள்ளும். சேறு, மேடு என்று வந்தால் ஒரு பட்டனைத் திருகினால் போதும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.

நாலு மாதத்துக்கு முன்னால் இந்த வண்டியை என் தம்பி முருகேசனிடமிருந்து வாங்கினேன். தேவாரத்தில் விவசாயம் பார்க்கிறான். நாலு வருடம் அவன் ஓட்டிய வண்டி. அவன் பெரிய வண்டிக்கு மாறினான். இது அக்காவிடம் வந்தது.

ஓட்டுவது நான். பக்கத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்வது என் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாழ்க்கையில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. ஆனால் நான் பிரேக் போட்டால் அவர் காலும் தானாக அழுந்தும்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வைத்தியம் பார்க்கக் கிளம்பினோம். வண்டிக்குத்தான்.

முதலில் சின்னமனூரிலேயே ஒரு வீல் அலைன்மென்ட் கடை. வண்டியை நிறுத்திவிட்டு, சாவியோடு இறங்கியது நான். கடைக்காரர் என்னைத் தாண்டிப் போய், அந்தப் பக்கக் கதவிலிருந்து இறங்கியவரைப் பார்த்துக் கேட்டார்.

"எப்ப இருந்து சார் ஆடுது?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். கடைக்காரர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஸ்பீடுல ஆடுதா சார்?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். "இல்லை, திரும்பும்போது மட்டும்தான்" என்றேன். கடைக்காரர் மறுபடியும் அவரைப் பார்த்து, "அப்ப அலைன்மென்ட்தான் சார்" என்றார்.

பதினைந்து வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். இன்னும் நான் என் வண்டிக்கு மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான்!

அலைன்மென்ட் செய்தார்கள். நேர்ரோட்டில் வண்டி முன்னைவிட அழகாக ஓடியது. கடை வாசலில் திருப்பினேன்... தட்... தட்... தட்...

அடுத்தது தேனி. பெரிய ஒர்க்‌ஷாப். முன்பக்கத்தைத் தூக்கி வைத்தார்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார்கள். "பால் ஜாயின்ட் போயிருச்சு சார்" என்று முடிவு செய்தார்கள். சக்கரத்தை இடமும் வலமும் திருப்ப உதவுகிற குண்டு மூட்டு அது. மாற்றினார்கள். கழற்றிய பழைய மூட்டை வாத்தியாரின் உள்ளங்கையில் வைத்து, "பாருங்க சார், எப்படி ஆடுதுன்னு" என்று காட்டினார்கள். ஆடத்தான் செய்தது. என் கடைவாய்ப் பல் ஒன்றுகூட ஆடுகிறது. அதற்காக என் கண்பார்வைக் குறைவுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது என்று அடுத்த திருப்பத்திலேயே தெரிந்தது. தட்... தட்...

மூன்றாவதாக உத்தமபாளையம். அந்த மெக்கானிக் வண்டியை வாங்கித் தானே ஓட்டிப் பார்த்தார். நேர்ரோட்டில் போய் வந்து, "ஒண்ணும் இல்லையே சார்" என்றார். திருப்பிப் பாருங்கள் என்று நான் கெஞ்சி, வாசலிலேயே ஒரு வட்டம் அடிக்கவைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆக்சில் ஜாயின்ட் சார். மதுரையில இருந்து வரணும், ஒரு வாரமாகும். அதுவரைக்கும் மலை ஏறிராதீக. வளைவுல வச்சு முறிஞ்சிச்சுன்னா..."

மேற்கே தெரிந்த மலையை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். போன மாதம்தானே இதே வண்டியில், இதே வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினேன்?

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார் அவர்.

"இது இன்னைக்கு நேத்துப் போனது மாதிரித் தெரியல சார். பழைய ஓனரு தெரிஞ்சேதான் தள்ளிவிட்டிருப்பாக."

அந்தப் பழைய ஓனர், என்கூடப் பிறந்தவன்.

ஒரு பொருள் கெட்டுப்போனால், என்ன கெட்டது என்று கேட்கவேண்டும். நாம் என்ன செய்கிறோம்? யார் கெடுத்தது என்று கேட்கிறோம். மிக்ஸி ஓடாவிட்டால் 'நேத்து யாரு சட்னி அரைச்சது?' என்பதுதானே நம் வீட்டு முதல் கேள்வி? விடை கிடைத்துவிட்டால் மிக்ஸியே ஓட ஆரம்பித்துவிடும் என்பதுபோல!

நானும் அதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், தம்பிக்குப் போன் போட்டேன்.

"முருகேசு, வண்டியில ஆக்சில் ஜாயின்ட் போயிருந்துச்சா?"

"என்னக்கா சொல்ற? நாலு வருசம் ஓட்டுனேன், ஒரு நாளு ஆடலையே."

"ஒன்கிட்ட ஆடாதது என் கைக்கு வந்ததும் ஆடுதாக்கும்?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு..."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியிலேயே முடிந்திருக்கும். மெக்கானிக்கின் மலைப் பார்வை கண்ணுக்குள் நின்றது. வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன்.

"ஒடைஞ்சதைக் கொண்டாந்து அக்கா தலையில கட்டுறதுக்கு ஒனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? நாளைக்கு நானும் ஒங்க மச்சானும் மலையில உருண்டா யாருக்குடா பதில் சொல்லுவ?"

நான் கொட்டி முடிக்கும்வரை கேட்டான். பிறகு சொன்னான்.

"செரிங்க. வச்சிர்றேன்."

கவனித்தீர்களா? 'செரிங்க.' ஐம்பது வயதை நெருங்குகிறான். பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுகிறான். எங்கள் பக்கத்தில் தம்பி அக்காவுக்கு 'ங்க' போட்டால் அது மரியாதை இல்லை. கதவைச் சாத்துவது.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் சங்கீதாவுக்கு நிச்சயதார்த்தம். ஒரே பெண். நான் ஒரே அத்தை. தாம்பாளத் தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நடக்கவேண்டியவள். எந்தச் சேலை, எத்தனை தட்டு என்று அதுவரை தினமும் போன் வந்துகொண்டிருந்தது. அன்றோடு நின்றது. மூன்று நாள் கழித்து முருகேசன் மனைவி பேசினாள். எனக்கு இல்லை, வாத்தியாருக்கு.

"அண்ணே, ஞாயித்துக்கெழமை காலையில ரெண்டு பேரும் வந்துருங்க."

பத்திரிகை வைக்க வந்த தூரத்துச் சொந்தம் பேசுவதுபோல் இருந்தது என்றார் வாத்தியார். நான் நாற்றுகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன். அன்றைக்கு ஒவ்வொரு நாற்றுக்கும் இரண்டு மடங்கு தண்ணீர்.

சனிக்கிழமை வந்தது. விடிந்தால் நிச்சயதார்த்தம். ஆனால் அன்றைக்கு வேறொரு கடமை இருந்தது. கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு மிளகு நாற்று கொடுப்பதாக ஒரு மாதத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். மேலே மழை பிடித்துவிட்டது. குழி வெட்டி ஆட்களோடு காத்திருக்கிறார்கள். மலை ஏறக்கூடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அடிவாரம் வரை நம் வண்டி, அதற்கு மேலே வாடகை ஜீப் என்று ஏற்பாடு செய்தேன்.

ஜீப்காரர் பெயர் மாரியப்பன். நாற்பது வயது இருக்கும். காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். அவர்களை இறக்கிவிட்டு வந்தபின் கிடைக்கிற சரக்கை ஏற்றுவார். பாதி நாள் கேரளாவில் கழிவதால் பேச்சில் பாதி மலையாளம். அடிவாரத்து டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தி, டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

நாற்றுகளை மாற்றி ஏற்றவேண்டும். என் வண்டியின் முதுகை அவர் ஜீப்பின் முதுகோடு சேர்க்கவேண்டும். ரோட்டிலேயே முழுசாக ஒடித்துத் திருப்பினேன். தட்... தட்... தட்...

மாரியப்பன் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். என் முன்சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்தார்.

"சேச்சி, இது எத்தனை நாளா?"

எனக்கு ஆச்சரியம். ஒன்பது நாளில், மூன்று ஒர்க்‌ஷாப் தாண்டி, என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள்! வழக்கம்போல வாத்தியார் வாயைத் திறந்தார். மாரியப்பன் மரியாதையாகக் கையைக் காட்டினார்.

"சார் கொஞ்சம் இருங்க. வண்டி ஓட்டுறது சேச்சிதானே? அவுகளுக்குத்தான் கையில தெரியும்."

சொன்னேன். நேராகப் போனால் ஒன்றும் இல்லை. கொஞ்சம் வளைத்தால் லேசாக இழுக்கிறது. முழுசாக ஒடித்தால் உதைக்கிறது. முன்னால் போனாலும் அப்படித்தான், பின்னால் வந்தாலும் அப்படித்தான். ஆக்சில் போய்விட்டதாம்.

"ஆக்சிலா? யாரு சொன்னாக?" சிரித்தார். ரோட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த செம்மண் இடத்தைக் காட்டினார். ராத்திரி பெய்த மழையில் நன்றாக நனைந்திருந்தது. "அங்கன போயி இதே மாதிரி ஒரு வட்டம் அடிங்க."

போனேன். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஒரு வட்டம் அடித்தேன்.

ஒரு சத்தமும் இல்லை!

"இன்னொரு வட்டம்."

அடித்தேன். உதறல் இல்லை, துள்ளல் இல்லை. வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

"இப்ப ரோட்டுக்கு வாங்க. இங்கன அடிங்க."

தாரில் ஏறி ஒடித்தேன். தட்... தட்... தட்...

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்துவிட்டார்கள். மாரியப்பன் இரண்டு கையையும் விரித்தார்.

"ஆக்சில் போயிருந்தா மண்ணுலயும் ஆடணும்ல?"

வாத்தியார் வண்டியை விட்டே இறங்கிவிட்டார். முப்பது வருடம் பலகையில் கணக்குப் போட்டவர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அதே வண்டி. அதே டிரைவர். அதே திருப்பம். மாறுனது தரை மட்டும்தான்! அப்ப கோளாறு சக்கரத்துல இல்ல... சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவுல ஏதோ சண்டை!"

"அதே சாரே, அதே!" என்றார் மாரியப்பன். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"சேச்சி, இது ஆரம்பிக்குறதுக்கு முந்தின நாளு வண்டியை வச்சு என்ன செஞ்சீக?"

யோசித்தேன். முந்தின நாள் புதன்கிழமை. ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கன்று கொண்டுபோனேன். கோடை மழை அடித்துக் கொட்டியிருந்தது. தோட்டத்துப் பாதையில் பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஃபோர் வீல் பட்டனைத் திருகினேன். நாலு சக்கரமும் இழுத்துக் கரையேறினேன். பெருமையாகக்கூட இருந்தது. பட்டனைத் திரும்பவும் பழைய இடத்துக்குத் திருகிவிட்டு, மழையில் வழுக்கிக் கிடந்த ரோட்டில் வீட்டுக்கு வந்தேன்.

"திருகுனீக, செரி. லைட்டு அணைஞ்சுச்சா?"

"எந்த லைட்டு?"

மாரியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டார். மீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு விளக்கு. நாலு சக்கரம் போட்ட படம். எரிந்துகொண்டிருந்தது. பத்து நாளாக எரிந்துகொண்டிருந்தது.

"இதைப் பாக்கலையா?"

பார்க்காமல் என்ன! தினமும்தான் பார்த்தேன்.

"பச்சையா எரிஞ்சுச்சு... சிவப்பா எரிஞ்சாத்தானே கோளாறு? பச்சைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு..."

டீக்கடையே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. காரணம், 'பச்சை விளக்கு எரியுது, நல்லதுதான்' என்று அவரும் ஒருநாள் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். நான் பட்டனைத் திருகியபோது வண்டி சேற்றில் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததால், உள்ளே இருக்கிற கியர் பல் விடுபடவில்லை. பட்டன் மட்டும் பழைய இடத்துக்குப் போய்விட்டது. உள்ளே நாலு சக்கரமும் இன்னும் பூட்டியபடியே இருக்கிறது.

"பூட்டியிருந்தா திரும்பும்போது மட்டும் ஏன் துள்ளணும்?" என்று கேட்டேன்.

"பீரோ தூக்கியிருக்கீகளா சேச்சி? முன்னாடி ஒராளு, பின்னாடி ஒராளு. மூலையில திரும்பும்போது முன்னாடி உள்ளவன் நல்லா சுத்தி நடக்கணும். பின்னாடி உள்ளவனுக்குக் கொஞ்சம் நடந்தாப் போதும். ரெண்டு பேரு காலையும் ஒத்தக் கயித்துல கட்டிப்போட்டா? முன்னவன் துள்ளித்தான் போகணும். மண்ணுன்னா சக்கரம் லேசா வழுக்கிக் கொடுத்துரும். தாரு விடாது. அதான் ஒதைக்குது."

இத்தனை எளிமையாக எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை... வாத்தியார் மன்னிக்கவேண்டும்.

"இப்ப என்ன கழட்டணும்?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"ஒண்ணும் கழட்ட வேண்டாம். ஸ்டீயரிங்கை நேரா வச்சு, ரிவர்ஸ்ல மெதுவா ஒரு இருபதடி போங்க. முறுக்கு விடும். நின்னு, நியூட்ரல்ல போட்டு, பட்டனை அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை திருகுங்க."

ரிவர்ஸ் போட்டேன். டீக்கடைக் கூட்டம் வழிவிட்டது. பத்தடி... இருபதடி... நிறுத்தினேன். நியூட்ரல். பட்டனைத் திருகினேன். திருப்பித் திருகினேன்.

வண்டிக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு அணைந்தது.

தார் ரோட்டிலேயே முழுசாக ஒடித்து ஒரு வட்டம் அடித்தேன். சத்தமில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சத்தமில்லை! ஐந்தாவது வட்டத்தில் வாத்தியார், "போதும்மா, தலை சுத்துது" என்றார். அவர் அப்போது வண்டியில் இல்லை, ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு இன்னைக்கு ஒரு நடை போச்சு" என்று சிரித்தார் மாரியப்பன். உண்மைதானே? வாயை மூடிக்கொண்டு நாற்றை ஏற்றியிருந்தால் அவருக்கு ஒரு சவாரி. விட்டுவிட மனசு வரவில்லை. பேசின வாடகைக்கே பாதி நாற்றை அவர் ஜீப்பில் ஏற்றினேன். அவர் முன்னால் போக, நான் பின்னால். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் கையை வெளியே நீட்டி, 'எப்படி?' என்று கேட்டார். நான் ஹார்ன் அடித்துப் பதில் சொன்னேன். மேலே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மிளகு நாற்று நனைய நனைய இறங்கியது. எஸ்டேட்காரர் முகம் மலர்ந்தது.

இறங்கி வரும்போது எனக்குத்தான் மலரவில்லை. தம்பி இருக்கிறானே!

வாத்தியார் மெதுவாக ஆரம்பித்தார்.

"நாளைக்கு நெறைய வேலை இருக்கு. மாப்ள முருகேசன்கிட்ட இப்பப் போயி எல்லாத்தையும் வெலாவாரியா சொல்லணுமா? 'வண்டி ரெடியாயிருச்சு, நீ மனசுல வச்சுக்காதே'ன்னு சொல்லிரு. பொய்யும் இல்ல."

யோசித்துப் பார்த்தேன். அழகான வழி. வண்டி ரெடியாகிவிட்டது, உண்மை. மனசில் வைத்துக்கொள்ளாதே என்பதும் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது. தப்புச் செய்தவள் நான், மன்னித்தவளும் நானே! இப்படி ஒரு சௌகரியம் யாருக்குக் கிடைக்கும்? உத்தமபாளையத்தில் திரும்பி, கோம்பை வரைக்கும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தேவாரத்தில் தம்பி வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ஸ்டூலில் ஏறி நின்று சீரியல் பல்பு மாலையைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கினான்.

"வாங்க. வாங்க மச்சான்."

மறுபடியும் 'வாங்க'. நான் மனப்பாடம் செய்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள், அவனே உள்ளே போய் ஒரு கனமான அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

"ஆக்சில் ஜாயின்ட். மதுரைக்கு ஆளு அனுப்பி வாங்கிட்டேன். திங்கக்கெழமை மெக்கானிக்கை ஒங்க வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் வண்டியை மலைக்கு எடுக்காதீங்க."

குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

"நான் நல்லாத்தான் ஓட்டுனேன்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. "ஆனா நான் மலைப்பக்கம் போனதே கெடையாதுல்ல... எனக்குத் தெரியாமலே போயிருந்தாலும் போயிருக்கும். நீங்க கேட்டதுக்கு அப்புறம் எனக்கு அதே யோசனைதான்."

நாலு வருடம் ஒழுங்காக ஓட்டியவன், தன்மேல் தப்பு இருக்குமோ என்று ஒரு வாரமாக யோசித்திருக்கிறான். மகள் நிச்சயதார்த்த வேலைக்கு நடுவில் மதுரைக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். நாலு மாதம் ஓட்டிய நான்? ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், என்னைப் பற்றி அப்படி யோசித்தேனா?

கோம்பை வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"முருகேசு... ஆக்சிலுக்கு ஒண்ணும் இல்லடா. வண்டிக்கே ஒண்ணும் இல்ல. கோளாறு என்கிட்டதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஓடைப்பட்டிச் சேறு, பட்டன், மாரியப்பன், செம்மண் வட்டம், ரிவர்ஸ். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் கேட்டான்.

"பச்சை லைட்டு எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சுச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பச்சைதானேன்னு... விட்டுட்டேன்."

அவன் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஏய், இங்கன வா! வந்து இதைக் கேளு! ஒங்க மயினி என்ன செஞ்சிருக்கான்னு பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டான். அவள் வந்தாள், சங்கீதா வந்தாள், பந்தல் போடுகிறவர்கள் எல்லாம் வந்தார்கள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று.

அவர்கள் சிரித்து முடித்தபிறகு, "நான் அன்னைக்குப் பேசுனது தப்புடா" என்றேன்.

"அட விடுக்கா" என்றான். பிறகு கொஞ்சம் நிதானித்து, "ஆனா அன்னைக்கு ரெண்டு வேளை சாப்பிடல நானு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் கண் கலங்கியது. அவன் மனைவி, "தட்டுல வைக்கிற பழமெல்லாம் இன்னும் வாங்கலை மயினி, வாங்க போவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் தட்டை நான்தான் தூக்கினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு முருகேசன் என்னை எப்படி அறிமுகப்படுத்தினான் என்பதை மட்டும் கேட்காதீர்கள். பந்தியில் என் இலைக்குத் தம்பியே பரிமாற வந்தான். வடையை ஒன்றுக்கு இரண்டாக வைத்தான். பாயசத்தை நான் போதும் என்று சொன்னபிறகும் ஊற்றினான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை நான்.

அதனால், அன்பானவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தால் பந்திக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்... சாப்பாடு நன்றாக இறங்கும்.